கனவுப் பலன் எழுதிய மாடி

மாடிப்படி ஏறி மூச்சு வாங்கி நிற்பேன். செருப்பைக் கழற்றியிருக்க மாட்டேன், தோள்பையை இறக்கியிருக்க மாட்டேன். கதவு கிறீச்சிட்ட சத்தம் கேட்டதுமே, கம்ப்யூட்டரிலிருந்து கண்ணை எடுக்காமல் மேடம் கேட்பார்: "என்னடி, இன்னிக்கு என்ன கனவு?"

மற்ற ஆபீசுகளில் ஏன் லேட்டு என்று கேட்பார்கள். நல்ல மனசுக்காரர்களாக இருந்தால் சாப்பிட்டாயா என்று கேட்பார்கள். மேடம் கேட்டது கனவை. அதுவும் காய்கறி வண்டிக்காரரிடம் இன்றைக்குப் புதுசாக என்ன வந்திருக்கிறது என்று விசாரிக்கிற குரலில். கைவசம் நல்லதாக ஒன்று இருந்தால் அவர் நாற்காலியோடு திரும்பி உட்காருவார். ஒன்றும் இல்லை என்றால், "ஒண்ணுமே வரலையா? நன்னாத் தூங்கிட்டியா என்ன?" என்பார். நான், "இல்ல மேடம், அசதியில..." என்று இழுப்பேன். நன்றாகத் தூங்கியதற்கு மன்னிப்புக் கேட்கிற வேலை உலகத்தில் அது ஒன்றாகத்தான் இருக்கும்.

மயிலாப்பூர் மாட வீதியிலிருந்து பிரிகிற ஒரு சந்தில், பாத்திரக்கடைக்கு மேலே, ஒற்றை அறை. பின்பக்க ஜன்னலைத் திறந்தால் மொட்டைமாடிகளுக்கு நடுவே கோயில் குளத்தின் ஒரு மூலை தெரியும். நாலைந்து படிக்கட்டும் கொஞ்சம் தண்ணீரும், அவ்வளவுதான். வெயில் ஏற ஏற அந்தத் துண்டுத் தண்ணீர் மட்டும் யாரோ கீழே போட்டுவிட்டுப் போன கண்ணாடிபோல மினுங்கும். கடையில் பாத்திரத்துக்குப் பெயர் வெட்டுகிற மெஷின் குளவிபோல ரீங்கரித்துக்கொண்டே இருக்கும். யார் யாருடைய பெயரோ எங்கள் காலுக்கடியில் எவர்சில்வரில் இறங்கிக்கொண்டிருக்க, மேலே நாங்கள் யார் யாருடைய தூக்கத்துக்கோ அர்த்தம் எழுதிக்கொண்டிருந்தோம்.

பெண்களுக்கான வெப்சைட் அது. மேடம் ஏதோ பெரிய கம்பெனி வேலையை விட்டுவிட்டுத் தானாகவே ஆரம்பித்தது. சமையல், கோலம், விரத நாட்கள், ராசிபலன் எல்லாம் உண்டு. ஆனால் ஜனங்கள் வந்து விழுந்தது கனவுப் பலன் பக்கத்தில்தான். காலையில் எழுந்ததும், பல்கூடத் தேய்க்காமல், போனை எடுத்து 'கனவில் யானை வந்தால்' என்று தேடுகிறவர்கள் இந்த ஊரில் எத்தனை பேர் என்பது அங்கே வேலைக்குப் போகும்வரை எனக்குத் தெரியாது. நான் மட்டும்தான் அப்படி என்று நினைத்திருந்தேன்.

என் படிப்பு ஒன்பதாம் வகுப்போடு நின்றது. அதன்பிறகு சிந்தாதிரிப்பேட்டையில் எங்கள் தெருவிலேயே ஒரு பிரஸ்ஸில் கல்யாணப் பத்திரிகை டைப் அடித்தேன். எனக்குத் தெரிந்த எழுத்தெல்லாம் 'நிகழும் மங்களகரமான' என்று ஆரம்பித்து 'சுற்றமும் நட்பும் சூழ' என்று போய் முடிவது. விரல் வேகமாக ஓடும் என்பதால் மேடம் சேர்த்துக்கொண்டார். நானும் டைப் அடிக்கத்தான் போனேன். எழுதப் போகவில்லை.

தினமும் தூண்கள்மேல் ஓடுகிற பறக்கும் ரயிலில் போவேன். கூவத்துக்கு மேலே கிளம்பி, கால்வாயை ஒட்டியே வளைந்து வளைந்து போகிற அந்த ரயிலில் காலை நேரத்தில் பாதிப் பேர் கண்ணை மூடியிருப்பார்கள். சேப்பாக்கம் தாண்டினால் கட்டடங்களுக்கு இடையில் கடல் ஒரு நொடி தெரியும், மறையும், மறுபடி தெரியும். அது நிஜமாகத் தெரிந்ததா, நான் அசந்துபோனதில் வந்ததா என்று திருமயிலையில் இறங்கும்போது சந்தேகமாக இருக்கும். எனக்கு எப்போதுமே அந்தச் சந்தேகம் உண்டு. வீட்டைப் பூட்டினேனா, பூட்டியதாகக் கனவு கண்டேனா என்று பாதி வழியில் நெஞ்சு அடித்துக்கொள்ளும்.

பஞ்சாங்கத்தில் இருக்கிற கனவுகள் சீக்கிரமே தீர்ந்துபோயின. பாம்பு, யானை, பல், வெள்ளம், செத்துப்போனவர்கள். மேடம் அலுத்துக்கொண்டார். "பாம்பு எல்லா வெப்சைட்லயும் நெளிஞ்சிண்டிருக்கு. ஆட்டோ புக் பண்ணி, அது மேப்புல சுத்திண்டே இருக்கு, வாசலுக்கு வரவே மாட்டேங்கறதுன்னு கனவு வந்தா என்ன பலன்? எவன் எழுதியிருக்கான் சொல்லு. தண்ணி லாரி துரத்தினா என்ன பலன்? இந்த ஊர்ல எவளை யானை துரத்தறது?" அன்றிலிருந்துதான் எங்கள் கனவுகளையே எடுத்து எழுதுகிற வழக்கம் வந்தது.

மூன்று பேர்தான் நாங்கள். படம் போடுகிற பெண்ணுக்குக் கனவே வராது. போனைப் பார்த்துக்கொண்டே தூங்கிவிடுவாள். எப்போதாவது, "சார்ஜ் தீர்ந்துபோற மாதிரி வந்துச்சுக்கா" என்பாள். மேடம் தன் கனவைச் சொல்லவே மாட்டார். "நான் முதலாளி, நான் வாங்கிக்கறவதான்" என்பார். ஆகவே சரக்கெல்லாம் என்னிடமிருந்துதான் போனது. பகலெல்லாம் கவலைப்படுகிறவளுக்கு இரவில் எவ்வளவு விளையும் என்று நீங்களே நினைத்துப் பாருங்கள். என் ரேஷன் கார்டில் என் முகம் இருந்த இடம் வெள்ளையாக இருக்கும். அரிசி டின்னுக்குள் என் போன் அடித்துக்கொண்டே இருக்கும், அரிசியை அள்ளி அள்ளிப் போட்டாலும் அடி வராது. ரயில் எந்த ஸ்டேஷனிலும் நிற்காமல் போகும், ஆனால் ஜனங்கள் சாதாரணமாக இறங்கிப் போய்க்கொண்டிருப்பார்கள், எனக்கு மட்டும் எப்படி என்று தெரியாது.

மேடம் காபியை ஆற்றிக்கொண்டே தீர்ப்புச் சொல்வார். "ரேஷன் கார்டா? வீடு மாறுவ. போடு." நான் டைப் அடிப்பேன். என் கண் முன்னால், காபி ஆறுவதற்குள் அவர் இட்டுக்கட்டிய பலன் அது. இருந்தும் அந்த வாரம் முழுக்க வீட்டு ஓனர் படியேறும் சத்தம் கேட்டாலே கதவிடுக்கில் எட்டிப் பார்ப்பேன். காலி பண்ணச் சொல்லத்தான் வருகிறார் என்று. இதைச் சொன்னபோது மேடம் சிரித்துச் சிரித்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டார். "நான் சொன்னதுன்னு தெரிஞ்சும் பயப்படறியே, உன்னை மாதிரி நாலு பேர் இருந்தாப் போறும்டி, இந்த சைட் ஓடிடும்."

எனக்கு அந்த நாலு பேரைப் பற்றித்தான் பயம். தெரியாத ஏதோ ஒரு வீட்டில், யாரோ ஒருத்தி, அடுப்பில் பால் பொங்குவதைக்கூடப் பார்க்காமல் இதைப் படித்துக்கொண்டு நிற்கிறாள் என்று தோன்றும். "கொஞ்சம் நல்ல பலனாப் போடலாமா மேடம்?" என்று கேட்பேன். அதற்கு அவரிடம் தயாராக ஒரு பதில் இருந்தது. "சந்தோஷப்பட்டவ முதல் வரியோட எழுந்து போயிடுவா. பயந்தவதான் கடைசி வரி வரைக்கும் படிப்பா. கடைசி வரி வரைக்கும் படிச்சாத்தான் நாம இருக்கோம்." கொடுமைக்காரர் இல்லை அவர். படம் போடுகிற பெண்ணுக்குக் காய்ச்சல் என்றால் வீட்டிலிருந்து ரசம் வைத்து எடுத்து வருவார். படிக்கிறவர்கள் அவருக்குக் கண்ணில் படவில்லை, அவ்வளவுதான். எத்தனை பேர் வந்தார்கள் என்று திரையில் ஏறி இறங்குகிற ஒரு கோடாகத்தான் அவர்களைப் பார்த்தார்.

அப்படித்தான் அந்தக் கல்யாணப் பலனும். கனவில் சாவைக் கண்டால் ஆயுசு கெட்டி, கல்யாணத்தைக் கண்டால் ஆகாது என்று நம் ஜனங்கள் காலம்காலமாகச் சொல்வதுதான். மேடம் அதற்கு ஒரு தலைப்பு வைத்தார்: 'உங்கள் கணவர் கனவில் மாலையும் கழுத்துமாக வந்தாரா? அலட்சியம் வேண்டாம்!' படம் போடுகிற பெண் ரோஜா மாலையைக் கறுப்பு நிழலோடு வரைந்து கொடுத்தாள். எங்கள் பக்கங்களிலேயே அதிகம் பேர் வந்து படித்தது அதுதான்.

ஒரு நாள் மதியம், பெயர் வெட்டுகிற மெஷின்கூட ஓய்ந்திருந்த நேரம், படியில் யாரோ ஏறி வருகிற சத்தம் கேட்டது. இரண்டு படிக்கு ஒருமுறை நின்று வருகிற காலடி. கதவில் ஒரு அம்மாள் நின்றார். நாற்பது, நாற்பத்தைந்து இருக்கும். நைட்டிக்கு மேலே துண்டு, கையில் வயர்கூடை, கூடைக்குள் ஃபிளாஸ்க். அதைப் பார்த்ததுமே ஆஸ்பத்திரியிலிருந்து வருகிறார் என்று புரிந்துவிட்டது.

"இன்னாமா, இங்கதான் கனவு போட்றாங்களா?"

நாங்கள் மூன்று பேரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டோம். வெப்சைட்டின் அடியில் பொடி எழுத்தில் விலாசம் போட்டிருந்தோம். அதைப் படித்து ஒருத்தர் நேரில் வருவார் என்று யாருமே நினைத்ததில்லை. மேடம் எழுந்து, "வாங்கோ, உக்காருங்கோ" என்று தன் நாற்காலியையே இழுத்துப் போட்டார்.

அவர் உட்காரவில்லை. போனை நீட்டினார். கறுப்பு நிழல் விழுந்த ரோஜா மாலை. "இது நெசமா? நெசம்னா அப்டியே சொல்லிடு. எனக்குச் சுத்திவளைக்காத."

கொஞ்சம் கொஞ்சமாக விஷயம் வெளியே வந்தது. புருஷன் ஆட்டோ ஓட்டுகிறவர். இதயத்தில் அடைப்பு. பெரிய ஆஸ்பத்திரியில் காத்துக் காத்து ஒருவழியாக நாள் கிடைத்து, மறுநாள் காலை ஆபரேஷன். இன்றைக்குக் கையெழுத்துப் போட வேண்டும். விடியற்காலையில் வார்டு வராந்தாவில் படுத்திருந்தபோது அவர் மாலை போட்டு உட்கார்ந்திருக்கிற மாதிரி கனவு. போனில் தேடினால் எங்கள் பக்கம். "கையெழுத்து போட மாட்டேன்னு வந்துட்டேன். நர்ஸம்மா கூப்ட்டுக்கினே கீது. அந்தாளாண்ட டாக்டர் லீவுன்னு பொய் சொல்லிட்டு வந்துகீறேன். இட்டுக்கினு வூட்டுக்குப் போயிடலாம்னு பாக்குறேன். கத்தி வெச்சாத்தானே ஆவாது?"

மேடம் ஒரு அடி முன்னால் வந்தார். "இதோ பாருங்கோ, இதெல்லாம் நாங்களா எழுதறது. தலைப்பு நான் வெச்சதுதான். இதுக்கு ஒரு அர்த்தமும் கிடையாது. நீங்க போய்க் கையெழுத்துப் போடுங்கோ, மொதல்ல" என்றார். அவர் அப்படிப் பேசி நான் கேட்டதில்லை.

அந்த அம்மாள் அசையவில்லை. "நீ எழுதினது இப்போ. எங்க அத்த இதையே எப்பவோ சொல்லிகீது. நீ இல்லன்னா பொய்யாயிடுமா?"

வேறு என்ன செய்வதென்று தெரியாததால்தான் என்று நினைக்கிறேன், மேடம் தினமும் காலையில் என்னிடம் கேட்கிற மாதிரியே அவரிடமும் கேட்டார். "முழுசாச் சொல்லுங்கோ. எங்க நடந்தது? யார் யார் இருந்தா?"

அவர் நாற்காலியின் நுனியில் உட்கார்ந்தார். "சைதாப்பேட்டைல ஆத்தோரம் எங்க வூடு இருந்திச்சி. அத இடிச்சிட்டு எங்களைத் தூக்கி ஊருக்கு வெளிய போட்டாங்க இல்ல? கனவுல அந்த எடத்துல பெரிய மண்டபம். சீரியல் லைட்டு. ஆறுகூட சுத்தமா கீது. நாத்தமே இல்ல. தண்ணில லைட்டெல்லாம் ஆடுது."

"அவர் என்ன போட்டுண்டிருந்தார்? பட்டு வேஷ்டியா?"

"எங்க? காக்கிச் சட்டைதான். அது மேல மாலை. இன்னாயா இது கோலம்னு கேட்டா, சவாரி ஒண்ணு கீது, சட்டுனு முடிங்கன்றான்."

படம் போடுகிற பெண் சிரிப்பை அடக்கிக்கொண்டாள். அந்த அம்மாளுக்கே உதட்டோரம் ஏதோ அசைந்தது. "பக்கத்துல பொண்ணு?" என்றார் மேடம்.

"பொண்ணக் காணோம். எல்லாம் என்னியத்தான் தேடிக்கினு கீறாங்க. எங்கடி போனா, எங்கடி போனான்னு ஒரே சத்தம். நான் எங்க போனேன்? கேஸ் அடுப்ப மூடினேனா இல்லியான்னு பாக்க வூட்டுக்கு ஓடிக்கினு கீறேன். ஓடறேன், ஓடறேன், வூடு வரவே மாட்டேங்குது. அதோட முழிப்பு வந்திடிச்சி."

இந்தக் கனவை நான் எத்தனையோ தடவை கண்டிருக்கிறேன். மண்டபம் இல்லாமல், மாப்பிள்ளை இல்லாமல், அந்தக் கேஸ் அடுப்பை மட்டும். என்னைப் போலவே இன்னொருத்தி இந்த ஊரில் ஓடிக்கொண்டிருக்கிறாள், இருவரும் ஏதோ ஒரு தெருமுனையில் மோதிக்கொள்ளாமல் கடந்துபோயிருக்கிறோம் என்று அந்த நேரத்தில் பைத்தியக்காரத்தனமாகத் தோன்றியது. அடுத்த நொடி வாயிலிருந்து தானாக வந்துவிட்டது: "அக்கா, தாலி கட்டினாங்களா?"

"இல்ல."

"கெட்டிமேளம்?"

"எங்க கொட்டினாங்க? மேளக்காரங்க ஓரமா குந்திக்கினு டீ குடிக்கிறாங்க."

"அப்போ கல்யாணம் ஆகலையேக்கா." ஆரம்பித்துவிட்டேன், நிறுத்த முடியவில்லை. "மாலை போட்டுட்டா கல்யாணமா? நான் பிரஸ்ல எத்தனையோ பத்திரிகை அடிச்சிருக்கேன். பத்திரிகை அடிச்சு, மண்டபம் புடிச்சு, அப்படியே நின்னுபோனது எவ்வளவோ கீது. தாலி ஏறினாத்தான் அது கல்யாணம். கல்யாணத்தப் பாத்தாத்தானே பலன்? நீங்க பாத்தது ஒரு மனுசன் உங்களுக்காக மணையில உக்காந்து காத்துக்கினு இருக்கறத. அது கல்யாணக் கணக்குல வராதுக்கா."

சொல்லிவிட்டு மேடத்தைப் பார்த்தேன். திட்டப் போகிறார் என்று நினைத்தேன். அவர் மெதுவாகத் தலையை ஆட்டினார். "காத்திண்டிருக்கறதுக்கு நாங்க பலனே போடலை" என்றார்.

அந்த அம்மாள் ஃபிளாஸ்க்கின் மூடியைத் திருகித் திருகித் திறந்தார், மூடினார். வெளியே குளத்தங்கரைப் புறாக்கள் ஒரே சமயத்தில் எழும்பி, ஒரு வட்டம் போட்டு, மறுபடி இறங்கின. "ஆமா" என்றார் யாருக்கோ சொல்வதுபோல. "ஆஸ்பத்திரிலயும் இப்போ அதானே நடக்குது. கையெழுத்து போடற பொம்பள எங்கடி போனா, எங்கடி போனான்னு எல்லாம் என்னியத்தான் தேடிக்கினு இருப்பாங்க." சட்டென்று எழுந்தார். "நான் பக்கத்துல இல்லன்னா ஊசிக்கே கத்துவான்மா அவன். நான் வரேன்." படியில் இறங்கும்போது அவர் எங்கேயும் நிற்கவில்லை.

எனக்கு நிம்மதி வந்திருக்க வேண்டும். வரவில்லை. ரயிலில் உட்கார்ந்ததும் அவர் போனை எடுப்பார் என்று தோன்றியது. நான் அப்படித்தான் செய்வேன். ஒருவர் சமாதானம் சொன்னபிறகும், அதை இன்னொரு முறை சரிபார்ப்பேன். திருமயிலையில் ஏறி, கால்வாய்க்கு மேலே போகும்போது, மறுபடி அந்தக் கறுப்பு மாலையைத் திறந்து பார்த்தால்? "மேடம், அந்தப் பக்கத்த எடுத்துடுங்க. இப்பவே. அவங்க பார்க் டவுன்ல எறங்கி ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேர்றதுக்குள்ள."

"எடுத்துட்டா?" என்றார் மேடம். கோபமில்லாத குரல். "எடுத்துட்டா வெத்துப் பக்கம் வரும். உடனே வேற எங்கயாவது தேடுவா. அங்க இதைவிட மோசமா எழுதி வெச்சிருப்பான். எடுக்கக் கூடாது. அதே எடத்துல வேற ஒண்ணு இருக்கணும்." நாற்காலியை விட்டு நகர்ந்தார். "உக்காரு. இப்போ சொன்னியே, அதையே எழுது."

டைப் அடிக்கத்தான் வந்தேன் என்று சொன்னேன் அல்லவா. அன்றைக்கு முதல்முறையாக, யாரும் வரி வரியாகச் சொல்லாமல், என் விரல் எழுதியது. 'கனவில் கல்யாணம் கண்டீர்களா? பதறாதீர்கள். முதலில் யோசித்துப் பாருங்கள். தாலி கட்டினார்களா? மேளம் கொட்டினார்களா? யார் உங்களைத் தேடினார்கள்? நீங்கள் எதைப் பார்க்க ஓடினீர்கள்? அந்த வீட்டில் யார் இருக்கிறார்கள்?' அதற்குமேல் ஓடவில்லை. பலன் என்று ஒன்றும் எழுத வரவில்லை. மேடம் படித்தார். ஒரு எழுத்தும் மாற்றாமல் ஏற்றினார். படம் போடுகிற பெண், கேட்காமலே, மாலையிலிருந்து நிழலை எடுத்துவிட்டாள்.

மறுநாள் காலை நான் போனபோது மேடம் வழக்கமான கேள்வியைக் கேட்கவில்லை. கம்ப்யூட்டரைத் திறக்கவே இல்லை. ஜன்னலைப் பார்த்தபடி, "எனக்கு ஒரு கனவு வந்தது" என்றார். நான் பையை இறக்காமல் நின்றேன். "அந்த மண்டபம். தண்ணில லைட் ஆடறது. அந்த மனுஷன் காக்கிச் சட்டையோட உக்காந்திண்டிருக்கார். நன்னாப் புஷ்டியா, மீசையெல்லாம் வெச்சிண்டு. என்னைப் பாத்து, ஏம்மா, இன்னும் எவ்வளவு நேரம்னு கேக்கறார். நேக்கு பதில் தெரியலை." என் பக்கம் திரும்பி, "அவாளைப் பத்தி ஒண்ணுமே கேட்டு வெச்சுக்கலையேடி. பேரு, வார்டு, எதுவும்" என்றார். திரையில் ஏறி இறங்கும் கோட்டுக்கு அன்றைக்குத்தான் அவருக்கு ஒரு முகம் வந்திருக்க வேண்டும். நான் இரவெல்லாம் அதையே நினைத்து விழித்திருந்தேன் என்பதால் எனக்கு எந்தக் கனவும் இல்லை. அன்று அவர் அதற்காகக் கோபித்துக்கொள்ளவில்லை.

அதன்பிறகு எங்கள் பக்கத்தில் பலன் வரவில்லை. கேள்விதான் வந்தது. ஆட்டோ வாசலுக்கு வராமல் மேப்பில் சுற்றினால்: 'எங்கே போகக் கிளம்பினீர்கள்? அங்கே போக உங்களுக்கு இஷ்டம்தானா?' போன் அரிசிக்குள் அடித்தால்: 'அது யாருடைய அழைப்பாக இருக்கும் என்று நினைத்தீர்கள்?' வந்தவர்களில் நிறையப் பேர் பலன் இல்லை என்று திட்டிவிட்டுப் போனார்கள். மேடத்தின் கோடு இறங்கியது, நான் பார்த்தேன், அவரும் பார்த்தார். ஆனால் இருந்தவர்கள் அடியில் பதில் எழுத ஆரம்பித்தார்கள். எங்கள் கேள்வி இரண்டு வரிதான். பதில்கள் பக்கம் பக்கமாக வந்தன. ஒருத்தி தன் கனவைச் சொல்ல, வேறொருத்தி அதற்குள் புகுந்து, 'எனக்கும் அந்த மாடிப்படி வரும்பா, எனக்கு அது முடியவே முடியாது' என்பாள். மூன்றாமவள், 'எனக்கு முடியும், மேலே ஒண்ணுமில்லை, துணிதான் காயுது' என்பாள். எந்த ஊரோ, எந்த வீடோ, எல்லோரும் ஒரே படியில் ஏறி இறங்கிக்கொண்டிருந்தார்கள். படித்துக்கொண்டிருக்கும்போதே, இது திரையா, யாருடையவோ தூக்கமா என்று எனக்கு மயங்கும். அந்தப் பதில்களுக்கு நடுவே காக்கிச் சட்டைக்காரரைப் பற்றி ஏதாவது இருக்கிறதா என்றுதான் நான் தினமும் தேடினேன். மேடமும் தேடினார் என்பது, நான் வருவதற்கு முன்பே எல்லாம் திறந்து படிக்கப்பட்டிருப்பதிலிருந்து தெரியும்.

அந்த மாடி இப்போது இல்லை. மேடம் வெப்சைட்டைக் கைமாற்றிவிட்டு அடையாறில் தங்கை வீட்டோடு போய்விட்டார். எப்போதாவது போனில் பேசுவோம். நான் தி. நகரில் ஒரு புடவைக் கடையின் வெப்சைட்டுக்கு எழுதுகிறேன். ஏசி அறை, வரிசையாகக் கம்ப்யூட்டர். மேனேஜர் சின்ன வயசு, மரியாதையான பையன். "அக்கா, படிக்கறவங்க கட்டை விரல் அப்படியே நிக்கணும்" என்பான். இப்போதெல்லாம் பட்டனைத் தட்டினால் பத்துப் பத்தி தானாக எழுதிக் கொட்டுகிறது. எல்லாம் சரியாகவும் இருக்கிறது. அந்தப் பத்திகளைத் திருத்திக்கொண்டிருக்கும்போது, இந்தப் புடவையை எடுக்கிறவள் எதை நினைத்து எடுக்கிறாளோ, ராத்திரி தூங்கினாளோ என்று கவலை வந்துவிடும். கடைசியில் ஒரு கேள்வியைச் சேர்த்துவிடுவேன். 'இதைக் கட்டிக்கொண்டு முதலில் யார் வீட்டுக்குப் போவீர்கள்?' என்கிற மாதிரி. பையன் வெட்டாமல் விட்டுவிடுகிறான்.

வெளியே பாலத்தில் வண்டிகள் தேங்கி நிற்கிற ஓய்ந்த மதியங்களில் எனக்கு அந்த மாடிதான் நினைவுக்கு வரும். அதிலும் ஒரு முற்பகல். கல்யாணப் பலனை மாற்றி வாரக்கணக்காகிவிட்டது. இனி அவர்களைப் பற்றித் தெரியவே தெரியாது, நல்லதாக இருந்தால் எதற்கு வந்து சொல்லப் போகிறார்கள், கெட்டதாக இருந்தால் எந்த முகத்தோடு வருவார்கள் என்று நான் இரண்டு பக்கமும் யோசித்து ஓய்ந்திருந்த சமயம். படியில் காலடி கேட்டது.

அதே அம்மாள். கையில் ஒரு பை நிறையக் கொய்யாப்பழம். அவர் பையை மேஜைமேல் கொட்டினார். ஒரு பழம் உருண்டு கீபோர்டில் மோதி நின்றது. "கீழ குந்திக்கினு கீறான்" என்றார். "மாடி ஏறக் கூடாதாம், இன்னும் கொஞ்ச நாளைக்கு. அவன் வண்டிலயே அவன் சவாரி. பக்கத்து வூட்டுப் புள்ள ஓட்டுது, இவன் பின்னால குந்திக்கினு, பிரேக்கப் புடி பிரேக்கப் புடின்னு உயிர எடுக்குறான்."

மேடம் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். துடைத்துக்கொண்டே இருந்தார். பிறகு, "அந்தக் கனவு? மறுபடி வந்ததா? கல்யாணம் ஆச்சா?" என்று கேட்டார்.

"கனவா? தூங்கினாத்தானே கனவு வரும்? வூட்டுக்கு வந்ததுலேர்ந்து அவன் இன்னா கொறட்டைன்ற! சின்னப் புள்ளைங்கல்லாம் பயப்படுது."

படி முனையில் சந்துப் பக்கம் பார்த்த சின்ன ஜன்னல் ஒன்று உண்டு. நாங்கள் நாலு பேரும் அதில் தலையை நீட்டினோம். கீழே வெயிலில் மஞ்சள் ஆட்டோ நின்றது. பின்சீட்டில், தொளதொளவென்று வெள்ளைச் சட்டை போட்ட ஒரு மனிதர், நெஞ்சில் ஒரு கையை வைத்தபடி, டம்ளரில் டீயை ஊதிக்கொண்டிருந்தார். மேடம் வெகுநேரம் பார்த்தார்.

"நான் பாத்ததைவிட ஒல்லியா இருக்கார்" என்றார் மெதுவாக.

"நீ எங்கமா பாத்த அவன?" என்றார் அந்த அம்மாள்.

சத்தம் கேட்டோ என்னவோ, கீழே அந்த மனிதர் நிமிர்ந்தார். முன்பின் தெரியாத மூன்று பெண்கள், நாலாவதாகத் தன் மனைவியையும் சேர்த்துக்கொண்டு மேலேயிருந்து தன்னையே பார்ப்பதைக் கண்டார். நாங்கள் வேறு யாரையோ பார்க்கிறோம் என்று நினைத்திருக்க வேண்டும். டீ டம்ளரோடு மெல்ல உடம்பைத் திருப்பி, தனக்குப் பின்னால் யார் வந்து நிற்கிறார்கள் என்று பார்த்தார்.